கப்பு வாங்கிய வெங்காயம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரசாணிக்கு அந்த வருடங்களில் ஒரே ஒரு மனக்குறைதான் இருந்தது. வெங்காயம்.

சித்திரை மாதம் இலங்கை மலையகத்தின் லிந்துலைப் பக்கத்துத் தொரைமார்கள் எல்லோரும் சேர்ந்து கிளப் மைதானத்தில் பூக்காட்சி வைப்பார்கள். பெரிய கூடாரம் அடித்து, நீள மேசை போட்டு, ஒவ்வொரு பங்களாத் தோட்டத்திலிருந்தும் வந்த பூவையும் காய்கறியையும் அதில் அடுக்குவார்கள். எங்கள் தொரசாணியின் டேலியாவுக்குப் பரிசு வரும். கேரட்டுக்கு வரும், லீக்ஸுக்கு வரும். வெங்காயக் கப்பு மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துத் தொரசாணி வீட்டுக்கே போகும். ஒரு தட்டில் மூன்று வெங்காயம் வைக்க வேண்டும். மூன்றும் ஒரே பருமன், ஒரே நிறம், தோலில் ஒரு கீறல் இருக்கக் கூடாது. எங்கள் பங்களாவில் மூன்று வேண்டாம், ஒன்றுகூட உருப்படியாக விளைந்ததில்லை.

பங்களாத் தோட்டக்காரன் வீரய்யா. ஒல்லியான, கூச்ச சுபாவமான மனிதன். மண்ணோடு இருக்கும்போதுதான் அவனுக்குப் பேச்சு வரும். சீமையிலிருந்து தகர டப்பாவில் விதை வரும். நாற்றங்கால் போட்டு, சாம்பலும் மாட்டுச் சாணமும் கலந்து, கைக்குழந்தைபோல் பார்ப்பான். தழை முழங்கால் உயரத்துக்குக் கருகருவென்று எழும்பும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு தண்டு.

"தழை போடுது, கெழங்கு வைக்க மாட்டேங்குது" என்று பங்களா அப்பு றோலண்டிடம் சொல்வான். தொரசாணியின் சமையலைப் பார்ப்பதும், அவள் இங்கிலீசைத் தமிழாக்கிச் சொல்வதும் றோலண்டின் வேலை. "அந்தப் பக்கத்துத் தோட்டக்காரன்கிட்ட வெதை எங்கேருந்து வருதுன்னு கேட்டேன் அப்பு. சாமி சத்தியமா சீமை வெதைதான்ங்கிறான். பொய்யி."

விதையைக் கண்டுபிடித்தது வீரய்யா இல்லை. அவன் மகள் பூரணி.

பூரணிக்கு அப்போது பத்து வயது. வீரய்யாவுக்கும் அழகம்மாவுக்கும் ஒரே பிள்ளை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவதால், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தகப்பனிடம் ஓடிவந்துவிடுவாள். ஒரு நாள் அழகம்மா தலவாக்கலைக் கடையில் வாங்கிவந்த பம்பாய் வெங்காயத்தில் ஒன்று, சாக்கின் அடியில் கிடந்து பச்சை முளை விட்டிருந்தது. அதை நறுக்கப் போன தாயின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் தாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானோரத்தில் இருந்த தங்கள் துண்டு மண்ணில் நட்டாள்.

மார்கழிப் பனியில் அது தண்டு விட்டது. தை முடிவதற்குள் உச்சியில் வெள்ளைப் பந்துபோல ஒரு பூ. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பூ காய்ந்ததும் பூரணி அதன் தலையில் கந்தல் துணியைக் கட்டிவிட்டு, நன்றாகக் காயும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. பிறகு அப்பனின் உள்ளங்கையில் உதிர்த்துக் காட்டினாள். எள்ளைவிடக் கறுப்பாக, மூலை மூலையாக, ஒரு கைப்பிடி விதை.

"இது கறி வெங்காயம் தாயி. காட்சிக்கு ஆகாது" என்றான் வீரய்யா.

"ஏன் ஆகாது? இது இங்கயே பூத்து இங்கயே காய்ச்சது அப்பா. இந்தக் குளிரு இதுக்குத் தெரியும். சீமை வெதை என்னாத்தக் கண்டுச்சு?"

வீரய்யாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் புரட்டாசியில் சீமை விதைக்குப் பாத்தி கட்டியபோது, கடைசியில் ஒரு சிறு பாத்தியை ஒதுக்கி மகளின் விதையையும் போட்டான். தொரசாணியிடம் சொல்லவில்லை.

அந்த ஆறு மாதமும் பூரணி அந்தப் பாத்தியோடே கிடந்தாள். நாற்றைப் பிடுங்கி ஒரு சாண் இடைவெளியில் நட்டது அவள். களையைக் கொத்தினால் வேர் அறுபடும் என்று விரலாலேயே கிள்ளி எடுத்தது அவள். தை மாதத்தில் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். விடியுமுன் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும்போதே தாயோடு எழுந்து, வாயில் ஒரு துண்டு ரொட்டியைக் கவ்விக்கொண்டு பங்களாவுக்கு ஓடுவாள். முதல் நாள் சாயந்திரம் மூடிய சாக்குகளை எடுத்து, வெயில் படுவதற்கு முன்னால் ஒவ்வொரு தழைக்கும் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவாள். அப்படிச் செய்யாவிட்டால் வெயில் பட்டதும் தழை கருகிவிடும்.

"இந்தக் குளிருல புள்ளைய வெறுங்காலோட ஓட விடுறீங்களே" என்று அழகம்மா சண்டை பிடிப்பாள்.

"நானா போகச் சொல்றேன்? சொன்னாக் கேக்குதா அது?" என்பான் வீரய்யா. குரலில் பெருமை இருக்கும்.

மாசியில் சீமை விதை வழக்கம்போலத் தண்டாகவே நின்றது. கடைசிப் பாத்தியில் மண் வெடித்தது. வெடித்த மண்ணுக்குள்ளிருந்து சிவந்த தோள்கள் வெளியே தெரிந்தன. பங்குனியில் தண்ணீரை நிறுத்தினார்கள். தழை சாய்ந்ததும் மெதுவாகத் தோண்டி எடுத்து, சாக்கில் பரப்பிக் காயவைத்தார்கள். வாழை நாரைச் சுற்றிச் சுற்றி அளந்து, நாற்பது வெங்காயத்தில் மூன்றைப் பொறுக்கினாள் பூரணி. ஒவ்வொன்றும் சின்னத் தேங்காய் அளவு.

தொரசாணி அவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். பிறகு தொரையைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அந்த வருடம், ஐம்பத்து நாலில், கப்பு எங்கள் பங்களாவுக்கு வந்தது.

காட்சிக்கு மறுநாள் தொரசாணி வீரய்யாவை அழைத்துவரச் சொன்னாள். காலையில் அவன் கிளம்பும்போதே அழகம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஏதாச்சும் வேணுமான்னு கேப்பாங்க. வாயப் பொளந்துக்கிட்டு நிக்காம, நம்ம காம்பராக் கூரைக்கு ரெண்டு தகரம் கேளுங்க. அடுப்பு மேலயே ஒழுகுது. வேற ஒண்ணும் வேணாம். தகரம். என்னா?"

"தகரம்" என்று சொல்லிக்கொண்டேதான் போனான்.

பங்களாப் புல்தரையில் மேசை போட்டு, நடுவில் கப்பு வைத்திருந்தார்கள். தொரசாணி சிரித்த முகமாக இருந்தாள். றோலண்ட் பக்கத்தில் நின்றான்.

"ஒனக்கு என்னா வேணும்னு கேக்குறாங்க வீரய்யா. ரொம்ப சந்தோசமா இருக்காங்க."

வீரய்யா வாயைத் திறந்தான். தகரம் என்று சொல்லத்தான் திறந்தான். ஆனால் அந்தக் கப்பு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் வெறுங்காலோடு பனியில் ஓடிய பிள்ளையின் பேரை அங்கே ஒருவரும் சொல்லவில்லையே என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்து வந்துவிட்டது.

"அப்பு, தொரசாணிகிட்ட சொல்லுங்க. இது என் வேலை இல்லைங்க. வெதை எடுத்தது, நட்டது, பனி கழுவுனது எல்லாம் எம் மக பூரணி. கைக்கொழந்தைய பாக்குற மாதிரி பாத்துச்சுங்க. அது கையில எத குடுத்தாலும் பொழைச்சுக்கும்."

றோலண்ட் அதை அப்படியே சொன்னான். அவனுக்கும் பூரணியைப் பிடிக்கும். கூடவே நாலு வார்த்தை நல்லதாகச் சேர்த்துத்தான் சொன்னான்.

தொரசாணி பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றாள். வெங்காயத் தழையை அள்ளிக்கொண்டிருந்த பூரணியை றோலண்ட் கூட்டிவந்தான். முகத்தைக் கழுவி, தலையைப் படியச் சீவி நின்றாள். தொரசாணி அவளுடைய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். பிறகு றோலண்டிடம் நெடுநேரம் பேசினாள். றோலண்டின் முகம் சற்று மாறியது.

"வீரய்யா, தொரசாணியோட தங்கச்சி கொழும்புல இருக்காங்க. கைக்கொழந்தை. ஆயா சரியா அமையலியாம். பூரணிய அங்க அனுப்பலாம்ங்கிறாங்க. நல்ல சாப்பாடு, துணிமணி, இங்கிலீசு பேசப் பழகிக்கும். தீபாவளிக்கு அனுப்பி வைப்பாங்களாம்."

வீரய்யா மகளைப் பார்த்தான். மகள் கண்ணை விரித்துக்கொண்டு நின்றாள்.

"சரிங்க தொரசாணி" என்றான். பங்களாவில் வேறு வார்த்தை சொல்லி அவனுக்குப் பழக்கம் இல்லை.

அன்றைக்கு அழகம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் லயத்தில் சத்தம் கேட்டது.

"தகரம் கேக்கச் சொன்னேன். ஒங்கள தகரம் கேக்கச் சொன்னேன்!"

"நான் என்னா செய்ய? புள்ளையப் பத்தி நாலு வார்த்தை பெருமையாச் சொன்னேன். அவ்வளவுதான்."

"பெருமை! யாருகிட்ட? வச்சிருக்கிறதக் காட்டுனா எடுத்துக்குறவங்க அவங்க. இது தெரியாதா ஒங்களுக்கு? போயி முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க."

"தொரசாணி வாயால கேட்டப்பறம் இல்லன்னு சொல்லிட்டு நாளைக்கு அந்தப் பங்களாவுல எப்பிடிம்மா நிக்கிறது? தீபாவளிக்கு வந்துரும். ஆறு மாசந்தான்."

"நான் போறேம்மா" என்றாள் பூரணி. அடுப்பங்கரையில் உட்கார்ந்து சம்பல் இடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "ரயிலப் பாக்கலாம். கடல் இருக்காம் அங்க. றோலண்ட் அப்பு சொன்னாரு. பாத்துட்டு வந்து ஒனக்குச் சொல்றேன்."

"ஒனக்கு என்னாடி தெரியும்? பன்னெண்டு வயசு."

"கொழந்தைதானேம்மா. வெங்காயத்தவிடவா கஷ்டம்?"

அழகம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அன்று அவள் மகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்து, பேன் பார்த்து, இறுக்கி இரட்டைச் சடை போட்டாள்.

வைகாசி முதல் கிழமையில் பூரணி போனாள். ரயிலில் இல்லை, தொரசாணியின் காரில், டிரைவருக்குப் பக்கத்தில். பெரட்டுக் களத்தைத் தாண்டும்போது பெண்கள் எல்லோரும் கூடையோடு நின்று பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் வெளியே நீட்டி ஆட்டினாள். அந்தக் கிழமையே தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஆள் அனுப்பி, வீரய்யாவின் காம்பராக் கூரையில் புதுத் தகரம் இரண்டு போட்டுக் கொடுத்தார். தொரசாணி சொல்லியிருந்தாளாம். தகரம் ஏறும்போது அழகம்மா வீட்டுக்குள் இருக்கவில்லை. கானோரத்தில் போய் நின்றுகொண்டாள்.

ஆவணியில் ஒரு தபாலட்டை வந்தது. றோலண்ட் லயத்துக்கே கொண்டுவந்து வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து வாசித்தான். பக்கத்து வீட்டில் வேலை செய்யும் டோரீன் என்ற பெண்ணிடம் சொல்லி எழுதியிருந்தாள் பூரணி.

'அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பூரணி எழுதிக்கொள்வது. நான் சுகம். கடல் பார்த்தேன். பெரிய கொழுந்து மலை அசைந்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. குழந்தை என்னிடம் மட்டும்தான் தூங்குகிறது. ராத்திரியில் வேர்க்கிறது. தீபாவளிக்கு வருவேன். அம்மா, எனக்கு இங்கே யாரும் சடை போடுவதில்லை, முடியை வெட்டிவிட்டார்கள். கோபிக்க வேண்டாம்.'

"இன்னொரு தடவ வாசிங்க அப்பு" என்றாள் அழகம்மா. றோலண்ட் மூன்று தடவை வாசித்தான்.

தீபாவளிக்கு அவள் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், பொங்கலுக்கு வருவாள் என்று தொரசாணி சொல்லி அனுப்பினாள். அழகம்மா பச்சைச் சீட்டித் துணி வாங்கிப் பாவாடை தைத்து வைத்திருந்தாள். பொங்கலுக்கும் வரவில்லை. அந்த வருடமும் வீரய்யா வெங்காயம் போட்டிருந்தான். விளைந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் மாசியில் பங்களாவில் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். தோட்டம் கைமாறிவிட்டது, தொரை சீமைக்கே திரும்புகிறார் என்று பெரட்டில் பேசிக்கொண்டார்கள்.

வீரய்யா அன்றுதான் முதல் தடவையாக யாரும் கூப்பிடாமல் பங்களாவின் முன்வாசலுக்குப் போனான்.

"அப்பு, எம் புள்ள எப்ப வரும்னு கேளுங்க."

தொரசாணி நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தாள். பிறகு சொன்னதை றோலண்ட் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னான்.

"தங்கச்சி குடும்பம் தை மாசமே கப்பலேறிட்டாங்களாம். பூரணிய நல்ல எடத்துலதான் விட்டுட்டுப் போயிருக்காங்களாம். தெரிஞ்ச வெள்ளக்காரக் குடும்பம். கவலைப்பட வேணாம், வெலாசம் எழுதி அனுப்புறேன்ங்கிறாங்க."

"எந்தக் குடும்பம்?"

"பேரு ஞாபகம் இல்லையாம்."

தொரசாணி நிஜமாகவே வருத்தப்பட்டாள் என்று றோலண்ட் பிறகு எல்லோரிடமும் சொன்னான். விலாசம் வரவில்லை.

புதுத் தொரையிடம் மூன்று நாள் லீவு கேட்டுக்கொண்டு, தபாலட்டையை மடியில் கட்டிக்கொண்டு, வீரய்யா காலை ரயிலில் கொழும்புக்குப் போனான். அட்டையில் இருந்த தெருவை மறுநாள் மத்தியானம்தான் கண்டுபிடித்தான். அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். காவல்காரன் சிங்களத்தில் ஏதோ சொல்லி விரட்டினான். பக்கத்து வீட்டுக் கேட்டில் நின்று டோரீன் என்று கூப்பிட்டுப் பார்த்தான். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, கழுத்தில் சிலுவை போட்ட ஒரு பெண் வந்தாள்.

"ஐயோ, நீங்கதானா பூரணியோட அப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இப்பத்தான் வர்றீங்களா?"

"இப்பத்தானுங்களே தெரியும் எங்களுக்கு."

"அந்தம்மா போன அன்னைக்கு யாரோ ஒரு வெள்ளக்காரக் குடும்பம் கார்ல வந்துச்சு. ரெண்டு சின்னப் பிள்ளைங்க. ஓட்டல்ல தங்கியிருந்தவங்களாம். அவங்களும் கப்பலுக்குப் போனாங்களா, வேற ஊருக்குப் போனாங்களா, எனக்குத் தெரியாதுங்க. நானும் கேட்டேன், எனக்கு யாரு பதில் சொல்லுவா? பூரணி போக மாட்டேன்னு இந்தக் கேட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. 'எங்கப்பா என்னையக் கூட்டிட்டுப் போக இங்கதான் வருவாங்க, நான் இல்லன்னா எங்க தேடுவாங்க'ன்னு அழுதுச்சு. நான்தான் சொன்னேன், நீ போ, ஒங்கப்பாவுக்கு அந்தம்மா சொல்லியிருப்பாங்கன்னு. நான்தான் சொல்லி அனுப்பினேங்க."

டோரீன் அழுதாள். வீரய்யாவுக்கு அழுகை வரவில்லை. மிச்சம் இருந்த நேரமெல்லாம் அவன் துறைமுகத்து வாசலில் நின்றான். வெள்ளைக்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன ஒவ்வொரு சின்னப் பெண்ணின் முகத்தையும் பார்த்தான். போலீசில் ஒருவர் அவனை உட்காரவைத்து, கூட்டிப் போனவர்களின் பெயரைக் கேட்டார். அவனிடம் பெயர் இல்லை.

திரும்பி வந்து நடந்ததை ஒன்று விடாமல் அழகம்மாவிடம் சொன்னான். பூரணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சொன்னான். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு நினைத்திருக்கிறான்.

"நீங்க அன்னைக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா..." என்றாள் அழகம்மா. அந்தப் பேச்சை அவள் முடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவனோடு பேசவும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. ரொட்டியும் சம்பலும் தட்டில் இருக்கும். சாயத்தண்ணி கோப்பையில் ஆவி பறக்க இருக்கும். வேட்டி துவைத்துக் கொடியில் காயும். சொல்ல வேண்டியது இருந்தால் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். "விறகு தீர்ந்து போச்சு." "நாளைக்குத் திருவிழாக் கூட்டம்." மலையில் பெண்கள் பாடும்போது அவள் பாடமாட்டாள். ஆனால் முன்னைவிட வேகமாகக் கொழுந்து பறித்தாள், நிரையில் அவள்தான் எப்போதும் முன்னால். வீரய்யா பங்களா வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டான். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள் கூட்டத்தின் கடைசியில் நிற்பான். புதுத் தொரை பூக்காட்சிக்கு ஆள் தேடியபோது, பழைய தோட்டக்காரன் இவன்தான் என்று யாரும் கைகாட்டவில்லை. அந்த அளவுக்கு அவனிடம் எல்லோருக்கும் இரக்கம் இருந்தது.

ஐம்பத்தேழு ஆவணியில் நுவரெலியாவுக்கு விசாரணைக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் வந்தது. தோட்டத்து ஆட்களின் குடியுரிமையை அரசாங்கம் பறித்துவிட்டதால், ஐம்பத்தொன்றில் எல்லோரோடும் சேர்ந்து அதைக் கேட்டு எழுதிப் போட்டிருந்தார்கள். வீரய்யா, அழகம்மா, மகள் பூரணி, வயது ஒன்பது. கணக்குப்பிள்ளை கணேசமூர்த்தி, வீரய்யாவைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"இங்க பாரு வீரய்யா, நான் சொல்றத மனசுல வச்சுக்க. பொண்ணு எங்கன்னு கேப்பாங்க. தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாத. இந்தியாவுக்கு அனுப்பிட்டு மறைக்கிறான்னு நெனப்பாங்க. அப்பறம் ஒங்க ரெண்டு பேரையும் அந்தக் கணக்குலயே தள்ளிருவாங்க."

"என்னா சொல்லட்டும்ங்க?"

கணேசமூர்த்தி சற்று நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான்.

"தவறிப் போச்சுன்னு சொல்லிடு. ஒரு கோடு போட்டு அடிச்சிடுவாங்க. அவ்வளவுதான். மத்த ரெண்டு பேருக்காவது கெடைக்கட்டும்."

அன்று சாயந்திரம் வீரய்யா அதைச் சுவரைப் பார்த்துச் சொன்னான். அழகம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவது நின்றது. பிறகு மறுபடி ஊதினாள்.

விசாரணைக் கூடத்தில் உட்கார நீள வாங்கு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தோட்டத்து ஆட்களும் பழைய வேலைத் துண்டுச் சீட்டு, பேர்ப் பதிவுக்கான செக்ரோல் கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சீட்டு என்று பொட்டலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முறை வந்தபோது மணி இரண்டு. அதிகாரி சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார். எங்கே பிறந்தாய், தகப்பன் எந்தத் தோட்டம், இந்தியாவுக்குப் போயிருக்கிறாயா. வீரய்யா எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னான்.

"பூரணி. மகள். வரவில்லையா?"

வீரய்யா அதிகாரியின் பேனாவைப் பார்த்தான். அவன் வழியெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தான். தவறிப் போச்சுங்க. தவறிப் போச்சுங்க. இப்போது வாயைத் திறந்தால் நாக்கு அசையவில்லை. பேனா நீளமாகக் கோடு போடத் தயாராக அந்தப் பெயருக்கு மேல் நின்றது.

"இருக்குங்க" என்றான்.

"எங்கே?"

"எங்கன்னு தெரியலைங்க. எங்கயோ இருக்கு. கொழும்புக்கு வேலைக்கு அனுப்புனோம். நான்தான் அனுப்புனேன்."

தமிழில் சொன்னவர் தலையை ஆட்டி, குரலைத் தாழ்த்தினார். "ஐயா, விலாசம் இல்லாமல் எழுத முடியாது. யோசித்துச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கிறதா?"

அழகம்மா வாங்கிலிருந்து எழுந்து மேசைக்கு முன்னால் வந்தாள்.

"இருக்கா சாமி. எழுதுங்க. பூரணி. பதினஞ்சு முடிஞ்சு பதினாறு நடக்குது. அடிச்சிடாதீங்க. எங்க பேர வேணும்னா அடிச்சிக்கிங்க."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. பேனாவை மூடிவைத்து, கோப்பைக் கட்டி, அறிவிப்பு வரும் என்று சொல்லி அனுப்பினார். கார்த்திகையில் அறிவிப்பு வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று கணேசமூர்த்தி வாசித்தார். ஆனால் அந்தச் செய்தி வந்தபோது இருவருக்கும் அது பெரிய அடியாக இருக்கவில்லை. அடி விசாரணை நடந்த அன்றைக்கே விழுந்திருந்தது.

விசாரணை முடிந்த அன்று சாயந்திரம் லிந்துலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வீரய்யா முன்னால் நடந்தான். அழகம்மா பத்தடி பின்னால் வந்தாள். பாலத்தைத் தாண்டியதும் அவள் கூப்பிட்டாள்.

"என்னாங்க."

அவன் நின்றான். இரண்டு வருடமாகத் தன்னைக் கூப்பிடாத குரல். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

"பதினாறுன்னு நான்தான் சொன்னேன். சொன்னப்பறந்தான் எனக்கே ஒறைக்குது. இந்நேரம் சமஞ்சிருக்குமில்ல?"

வீரய்யா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தான்.

"யாருங்க தண்ணி ஊத்தியிருப்பாங்க? குச்சிலு கட்டி, பச்சப் பாய் விரிச்சு... அந்த வீட்டுல நம்ம பொம்பளைங்க யாராச்சும் இருந்திருப்பாங்களா? ரத்தத்தப் பாத்துப் பயந்திருக்குமேங்க. நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலியே. சின்னப் புள்ளதானே, வந்தப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். என்னாமோ சீக்கு வந்துருச்சுன்னு நெனச்சிருக்கும். சாகப் போறோம்னு நெனச்சிருக்கும். யாருகிட்ட போயிக் கேட்டிருக்கும்?"

ரோட்டோரத்து மதகுக் கல்லில் வீரய்யா உட்கார்ந்தான். கொழும்பில் வராத அழுகை அவனுக்கு அப்போது வந்தது. துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை. அழகம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாயந்திரக் கொழுந்து நிறுத்துவிட்டு வெறுங்கூடையோடு சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கிவந்த பெண்கள், தூரத்தில் இருவரையும் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி கையைக் காட்ட, எல்லோரும் ரோட்டை விட்டு விலகி, தேயிலைக்குள் புகுந்து குறுக்குப் பாதையில் லயத்துக்குப் போனார்கள்.